கொடுவா மூளையும் மூத்தவள் வீடும்

கொடுவா மீனின் தலையைத் திறந்து, மூளையை ஒரு கீறல் விழாமல் முழுசாக எடுத்துத் தர, செங்கலடிச் சந்தையில் ஒரே ஒரு ஆளால்தான் ஏலும். அந்த ஆள் மார்கிறட். சந்தேகமென்றால் வேறு யாரிடமும் கொடுத்துப் பாருங்கள், கஞ்சி மாதிரி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு முழிப்பார்கள். கம்பஸில் படிக்கிற மூன்று பேர் வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் பாடுபட்டு, முப்பது தலையைச் சிதைத்துவிட்டு, கடைசியில் வெட்கத்தை விட்டுச் சந்தைக்கு வந்தார்கள். மார்கிறட் அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்கோ மக்காள் இந்தப் பாடு?"

கண்ணுக்கு மேலே கத்தி முனையை வைத்து ஒரு தட்டு, அப்படியே ஒரு நெம்பு. தகரப் பேணி மூடி கழன்ற மாதிரி மண்டை திறந்தது. கொழுப்புக்கு நடுவில், நாலைந்து பயற்றங்கொட்டையை ஒட்டி வைத்த அளவில், மூளை சேதமில்லாமல் கிடந்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மார்கிறட் கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு அரைக் கிலோ ஒட்டி மீன் வெட்டப் போய்விட்டாள்.

அடுத்த நாளே அவர்களுடைய பெரிய ஆள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கலாநிதி சுலோஜனா, விலங்கியல் படிப்பிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். மீன்தண்ணிக்குள் நல்ல செருப்போடு நின்றுகொண்டே கேட்டார்.

"மார்கிறட் அக்கா, கிழமைக்குப் பத்துக் கொடுவா. மூளை எங்களுக்கு. செய்வீங்களா?"

"தலை ஆருக்கு?"

"தலை உங்களுக்கு."

"அப்ப செய்வன்."

இப்படித்தான் ஒன்றரை வருசத்துக்கு முன்னால் மார்கிறட் விஞ்ஞானத்துக்குள் இறங்கினாள்.

வாவியில் வலை போடுகிறவனுக்கும் சந்தையில் மீன் வெட்டுகிறவளுக்கும் கொடுவாவைப் பற்றி ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. சின்னக் கொடுவா எல்லாம் ஆண். வயிற்றைக் கீறினால் வெள்ளைப் பால்தான் வரும். அதே மீன் நாலைந்து வருசம் தின்று கொழுத்து, ஆளின் கை நீளத்துக்கு வந்தால் பெண்ணாகிவிடும். உள்ளே சினை தள்ளிக்கொண்டு நிற்கும். ஆண்டவர் அந்த மீனை அப்படித்தான் படைத்தார், அதற்காக எந்த மீனும் மற்ற மீனைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்து விசாரிப்பதில்லை. சுலோஜனா மெடம் அறிய நினைத்தது வேறு. இந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது? முதலில் வயிறு மாறி அதைப் பார்த்து மூளை மாறுகிறதா, அல்லது மூளை முந்திக்கொள்கிறதா?

"மூளைதான் முந்துதோ எண்டு பாக்கிறம் அக்கா," என்றார் மெடம்.

மெடம் கேள்வியாகச் சொன்னதை மார்கிறட் விடையாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததை விடுகிற பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. மூளைதான் முதல் மாறுகிறதாம், உடம்பு பிறகுதானாம் என்று சந்தை முழுக்கச் சொன்னாள். மீன் வாங்க வந்த தாதிமாருக்குச் சொன்னாள். வவுணதீவுப் பக்கத்திலிருந்து மீன் கொண்டு வருகிற நல்லரத்தினத்துக்குத் தராசைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "நீ என்னகா, டொக்டர் மாதிரிக் கதைக்கிறாய்," என்று பக்கத்துக் கடைக்காரி நையாண்டி பண்ணினால், "ஓம், எட்டாம் வகுப்பு டொக்டர்தான், என்ட கத்தி இல்லாட்டி அங்க ஒரு ஆராய்ச்சியும் நடவாது," என்று நெஞ்சை நிமிர்த்துவாள். அது பொய்யும் இல்லை.

அவள் அதை ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்பது சந்தையில் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் டினுஷா இருந்தாள்.

டினுஷா மார்கிறட்டின் ஒரே பிள்ளை. இருபத்தைந்து வயது. பிறந்தபோது தினுஷன் என்று பேர் வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, ஆண் பிள்ளை என்றுதான் வளர்த்தார்கள். பத்தொன்பது வயதில் அந்தப் பிள்ளை தாயின் முன்னால் வந்து நின்று, "அம்மா, நான் மகள்," என்றது. மார்கிறட் அன்றைக்குச் சட்டியை எறிந்தாள், அழுதாள், மூன்று நாள் சமைக்கவில்லை. நாலாம் நாள் எழும்பிச் சோறு ஆக்கி, "மகளே, வந்து தின்," என்றாள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு கிளினிக்குக்கு இரண்டு வருசம் கூடவே போனதும் அவள்தான், மனநல டொக்டர் தந்த சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவையும் அடையாள அட்டையையும் மாற்ற அரசாங்கக் கச்சேரிக்கு ஏறி இறங்கினதும் அவள்தான். டினுஷா போட் எஞ்சின், தண்ணிப் பம்பு, உழவு மெசின் எல்லாம் திருத்துவாள். சந்தியில் சின்னக் கடை. தலைமுடியை உச்சியில் முடிந்துகொண்டு, மூக்கில் எண்ணெய்க் கறையோடு அவள் எஞ்சினைக் கழற்றுகிறதைப் பார்த்தால் மார்கிறட்டுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். என்ட கை அவளுக்கு வந்திரிக்கு என்பாள்.

இனி வீட்டுக் கதை. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கட்டின இடத்துக்குப் போகிறவன், அவனுக்கு வீடு அவன் பெண்சாதி கொண்டு வருவாள். இந்துவென்றாலும் வேதக்காரர் என்றாலும் இங்கே இதுதான் நடப்பு. மார்கிறட்டின் வீடு அவளுடைய தாய் வீடு, தாய்க்கு அது அவளுடைய தாய் கொடுத்தது. பதின்மூன்று வருசத்துக்கு முன்னால் மார்கிறட்டின் தங்கச்சி நோயில் போனாள். அவள் வீட்டை வைத்தியத்துக்கே விற்றாயிற்று. பத்து வயது மகள் விதுர்ஷா மட்டும் மிச்சம். செத்த வீட்டில் எல்லாரும் பார்த்திருக்க மார்கிறட் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து, "எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்ல. என்ட வீடு இவளுக்குத்தான்," என்று சொன்னாள். மனதறிந்துதான் சொன்னாள். விதுர்ஷாவைத் தாய்மாமன் ஜெயராஜா கொண்டுபோய் வளர்த்தார்.

அந்த ஜெயராஜாதான், மார்கிறட்டின் அண்ணன், ஐப்பசி மாதம் ஒரு பின்னேரம் வந்து முற்றத்தில் கதிரையைப் போட்டார்.

"விதுர்ஷாக்குக் கலியாணம் பொருந்திட்டு. பொடியன் நல்ல பொடியன், தபால் கந்தோரில வேலை. தை மாசம் வைப்பம் எண்டிருக்காங்க. வீட்டை எழுதுற அலுவலைப் பாப்பமா?"

மார்கிறட் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். இந்த நாள் வரும் என்று தெரிந்துதான் இருந்தாள். தெரிந்துகொண்டே தள்ளித் தள்ளி வைத்தாள்.

"அண்ணன், வீடு டினுஷாக்கு."

"என்ன கதை இது? சொன்ன சொல்லு?"

"அண்டைக்கு எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்ல எண்டு சொன்னன். இப்ப இரிக்கு."

ஜெயராஜா கெட்ட மனிதர் இல்லை. கோபக்காரர், சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். அவர் இருக்கிறதே பெண்சாதியின் வீடு, அது அவருடைய மகள்மாருக்குத்தான். விதுர்ஷாவுக்குக் கொடுக்க அவரிடம் ஒரு ஓலைக் குடில்கூட இல்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளை வெறுங்கையோடு அனுப்புவதா? அந்தத் தவிப்பு அவர் வாயில் கோபமாக வந்தது.

"சேலை உடுத்தா பொம்பிளையா? பகல் முழுக்க எஞ்சினைக் கழட்டிறான். அது பொம்பிளை மூளை செய்ற வேலையா?"

"நான் பதினைஞ்சு கிலோக் கொடுவாவைத் தனியத் தூக்கிக் கட்டையில போடுறன். எனக்கு என்ன மூளை அண்ணன்? உங்கட வீட்டில சமைக்கிறது நீங்கதானே, உங்களுக்கு என்ன மூளை?"

"கதையை மாத்தாத."

"நான் மாத்தல்ல. மூளைதான் பொம்பிளை. அதுதான் முதல், உடம்பு பிறகு. நான் சும்மா சொல்லல்ல, ஒண்டரை வருசமா மூளைக்குள்ளதான் கையை வச்சிட்டிருக்கன். கம்பஸ் மெடத்தைக் கேளுங்க!"

"சரி," என்று எழும்பினார் ஜெயராஜா. "கூப்பிடு உன்ட மெடத்தை. வாற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய விதுர்ஷாவையும் கூட்டிட்டு வாறன். மூளையைப் பாத்து இது பொம்பிளை எண்டு அந்தப் படிச்ச மனிசி சொல்லட்டும். நான் பிறகு வாய் துறக்கமாட்டன். சொல்லாட்டி, வீடு விதுர்ஷாக்கு."

"சரி!" என்றாள் மார்கிறட். வாய் முந்திவிட்டது. முந்தினால் முந்தினதுதான்.

அடுத்த நாள் காலையிலேயே பஸ் ஏறிக் கம்பஸுக்குப் போனாள். கையில் இரண்டு கொடுவாத் தலை, மெடத்துக்குக் குழம்புக்கு. ஆய்வுகூடத்தில் சுலோஜனா அவளைக் கண்டதும், "நல்ல நேரம் வந்தீங்க அக்கா, நானே வர இருந்தன்," என்று மேசைக்குக் கூட்டிப்போனார். அங்கே போத்தல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு போத்தல், ஒன்றில் மூளை, மற்றதில் வயிற்றுக்குள்ளிருந்து எடுத்த ஒரு துண்டு. வயிற்றைப் பார்த்து ஆண், பெண் என்று போத்தலில் எழுதுவது மார்கிறட்டின் வேலை.

சுலோஜனா ஐந்து போத்தலைப் பிரித்து எடுத்து வைத்தார்.

"இந்த அஞ்சும் பெண் எண்டு எழுதியிருக்கீங்க. இதுல மூண்டு ஆண் அக்கா. மற்ற ரெண்டிலயும் பாதி அது, பாதி இது. மாறிக்கொண்டிருக்கிற மீன்."

"ஐயோ! எட்டுக் கிலோ மீன் மெடம் அதெல்லாம். அவ்வளவு பெரிய கொடுவா ஆணாயிரிக்க ஏலுமா?"

"பாத்தா எழுதினீங்க?"

மார்கிறட்டுக்கு முகம் சுருங்கியது. பார்க்கவில்லை. எட்டுக் கிலோக் கொடுவாவைக் கண்டால் வாவிக்கரையில் குழந்தையும் சொல்லும் அது சினைமீன் என்று. கை தன்பாட்டுக்குத் துண்டை எடுத்துப் போட்டது, பேனை தன்பாட்டுக்குப் பெண் என்று எழுதியது. முப்பது வருசம் மீன் வெட்டினவள்தான் இந்தப் பிழையை விடுவாள், ஒன்றும் தெரியாதவள் திறந்து பார்த்திருப்பாள்.

"சிலது கடைசி மட்டும் மாறாது அக்கா. அது பரவாயில்ல, திருத்திட்டம். ஆனா இன்னொண்டு பாருங்க." சுலோஜனா கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாக இருந்தது. "நீலம் ஆண்மீன் மூளை, சிவப்பு பெண்மீன் மூளை. ரெண்டு குவியலா வரும் எண்டு நினைச்சம். எப்பிடி வந்திரிக்கு?"

"கலந்து கிடக்கு."

"ஓம். இந்தப் பக்கம் நீலம் கூட, அந்தப் பக்கம் சிவப்புக் கூட. நடுவில ரெண்டும் கலந்து கிடக்கு. ஒரு மூளையை மட்டும் கையில தந்து இது ஆணா பெண்ணா எண்டு கேட்டா, நான் ஊகிக்கலாம். சத்தியம் பண்ண ஏலா."

மார்கிறட் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு வந்த விசயத்தைச் சொன்னாள், அண்ணனுக்குக் கொடுத்த வாக்கையும் சொன்னாள். சுலோஜனா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"அக்கா, முதல்ல ஒண்டு. டினுஷா மீனில்ல. கொடுவா எல்லாம் வளர்ந்தா மாறும், அது அதின்ட வாழ்க்கை. மனிசருக்கு அப்பிடியில்ல. இதை வச்சு அதைச் சொல்ல ஏலா."

"அப்ப மனிசருக்கு எப்பிடி?"

"ஆயிரம் ஆம்பிளை, ஆயிரம் பொம்பிளை எண்டு எடுத்துச் சராசரி பாத்தா வித்தியாசம் இரிக்கு. இந்த இடம் கொஞ்சம் பெரிசு, அந்த இடம் கொஞ்சம் சின்னன். ஆனா ஒரு ஆளின்ட தலைக்குள்ள பாத்தா எல்லாம் கலந்துதான் கிடக்கும். மூளையை ஸ்கேன் பண்ணின படத்தைக் கம்பியூட்டருக்குக் குடுத்தா பத்தில எட்டு ஒன்பது தரம் சரியாச் சொல்லும், மிச்சம் பிழைக்கும். அதுக்காக மிச்ச ஆக்கள் பிழையான ஆக்களில்லயே. டினுஷா மாதிரிப் பிள்ளைகளின்ட மூளையையும் பாத்திரிக்காங்க. சிலர், அவங்க சொல்ற பக்கம் கொஞ்சம் சாயுது எண்டு எழுதுறாங்க. சிலர், ரெண்டு பக்கமும் இல்லாமத் தனி மாதிரி எண்டு எழுதுறாங்க. பாத்த ஆக்கள் கொஞ்சப் பேர்தான். ஒரு பிள்ளையின்ட மூளையைப் பாத்து நீ பொம்பிளை எண்டு சொல்ற பரிசோதனை உலகத்தில எங்கயும் இல்ல அக்கா."

"அப்ப தான் பொம்பிளை எண்டு அவள் சொல்றது எங்க இரிக்கு? காலிலயா?"

சுலோஜனா சிரித்துவிட்டார். "மூளைக்குள்ளதான் இரிக்கும், வேற எங்க போறது? எந்த இடத்தில எண்டு விரல் வச்சுக் காட்டத்தான் இன்னும் ஒருத்தருக்கும் ஏலல்ல. உங்களுக்கு நீங்க பொம்பிளை எண்டு தெரியும்தானே, அது எந்த இடத்தில இரிக்கு எண்டும் எனக்குத் தெரியா."

மார்கிறட்டுக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டுமா? ஒன்றரை வருசம் தோண்டினது இதுக்கா? இவ்வளவு படித்து, இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி, கடைசியில் தெரியாதாம். மேசையில் வைத்த கொடுவாத் தலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். வெட்கமாக இருந்ததால் விட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா மெடம்?"

"வருவன். ஆனா பொய் சொல்லமாட்டன்."

வீட்டுக்கு வந்தபோது டினுஷா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றாள். மார்கிறட் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். ஒப்புவித்துவிட்டு, ஒரு யோசனையும் சொன்னாள். "டவுனில மூளையைப் படம் பிடிக்கிற இடம் இரிக்காம். பத்தில எட்டு ஒன்பது சரி வருமாம். ஒருக்காப் பிடிச்சுப் பாத்தா என்ன புள்ள? உனக்குச் சரியாத்தான் வரும்."

டினுஷா சவர்க்காரத்தைக் கல்லில் வைத்தாள்.

"அம்மா, படத்தில ஆம்பிளை எண்டு வந்தா என்ன செய்வீங்க?"

மார்கிறட் கிணற்று வாளியை எடுத்து அங்கால வைத்தாள். டினுஷா விடவில்லை.

"என்னைத் தினுஷன் எண்டு கூப்பிடுவீங்களா? வீட்டால போகச் சொல்லுவீங்களா?"

"சீ, என்ன கதை கதைக்கிறாய்!"

"அப்ப என்னத்துக்குப் படம்?" டினுஷாவின் குரல் உயரவில்லை. அவள் தாய் மாதிரி இல்லை, கோபம் வந்தால் குரல் தாழும். "சித்தி செத்த அண்டைக்கு, எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்ல எண்டு நீங்க சொல்லக்குள்ள நான் கதவுக்குப் பின்னால நிண்டனான் அம்மா. பன்ரெண்டு வயது. ஓடி வந்து, நான் இரிக்கிறன் எண்டு சொல்லோணும் போல இரிந்திச்சு. எப்பிடிச் சொல்ற எண்டு தெரியல்ல. எனக்கு அண்டைக்கும் தெரியும். ஒரு படமும் பிடிக்கல்ல."

அடுப்படியில் போய் நின்று மார்கிறட் அழுதாள். பிள்ளைக்காக இல்லை, தன் மேல் வந்த ஆத்திரத்தில். எட்டுக் கிலோ மீனைத் திறந்து பார்க்காமல் எழுதினாள் என்று காலையில் வெட்கப்பட்டவள், பெற்ற பிள்ளையைக் கேளாமல் எத்தனை பேர் முன்னால் என்ன சொல்லியிருக்கிறாள்! வெள்ளிக்கிழமை இரண்டு தரமும் சனிக்கிழமை ஒரு தரமும் வளவைச் சுற்றி நடந்து பார்த்தாள். என்ன யோசிக்கிறாள் என்று டினுஷாவுக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெயராஜா பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடே வந்தார். விதுர்ஷா பின்னால் வந்து சுவரோரம் இருந்தாள். இருபத்து மூன்று வயது, பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள், மெல்லப் பேசுகிற பிள்ளை. அன்றைக்குக் கண் வீங்கியிருந்தது. டினுஷா கடும் நீலச் சேலை உடுத்துத் தாயின் பக்கத்தில் இருந்தாள். சுலோஜனா சொன்ன நேரத்துக்கு வந்தார்.

ஜெயராஜா நேரே விசயத்துக்கு வந்தார். "மெடம், இந்தப் பிள்ளையின்ட மூளை பொம்பிளை மூளையா? ஓமா, இல்லயா?"

"என்னால சொல்ல ஏலா ஐயா," என்றார் சுலோஜனா.

"கேட்டியா மார்கிறட்!" கதிரைக் கையில் ஓங்கித் தட்டினார்.

"பொறுங்க அண்ணன்." மார்கிறட் எழும்பினாள். "மெடம், என்ட அண்ணன்ட மூளையை நான் முழுசா எடுத்துத் தந்தா, ஆம்பிளை எண்டு எழுதிக் கையெழுத்து வைப்பீங்களா?"

"எடுக்காதீங்க அக்கா," என்றார் சுலோஜனா. "வைக்கமாட்டன். ஊகம்தான் சொல்லலாம். அது பிழைக்கவும் கூடும்."

விதுர்ஷா சுவரோரம் இருந்து கிளுக்கென்று சிரித்துவிட்டாள். ஜெயராஜா தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நீங்க ஆம்பிளை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணன்?"

"இது என்ன பேய்க்கதை? எனக்குத் தெரியும்!"

"அவளுக்கும் தெரியும்," என்றாள் மார்கிறட். "அவ்வளவுதான் விசயம். நான் மூளை மூளை எண்டு ஊரெல்லாம் பீத்திக்கொண்டு திரிஞ்சன். மெடத்துக்கே தெரியாததை எனக்குத் தெரியும் எண்டன். அது என்ட பிழை, ஒத்துக்கொள்றன். ஆனா தெரியா எண்டா ரெண்டு பக்கமும் தெரியா. அதை வச்சு என்ட மகளை ஆம்பிளை எண்டு சொல்லவும் ஒருத்தருக்கும் ஏலா."

"சொன்ன சொல்லு?" என்றார் ஜெயராஜா. இந்த முறை அவர் குரலில் கோபம் குறைந்து களைப்புத்தான் இருந்தது. "இவள் என்ன பாவம் செய்தாள்?"

அப்போதுதான் விதுர்ஷா வாய் திறந்தாள். "பெரியம்மா, பத்து வயதில இரிந்து இது என்ட வீடு எண்டுதான் நினைச்சிட்டிருந்தன். அந்த யன்னலுக்குத் திரை என்ன நிறம் எண்டுகூட யோசிச்சு வச்சிரிக்கன்." சொல்லிவிட்டு அழுதாள்.

டினுஷா எழும்பிப் போய் அவள் பக்கத்தில் இருந்தாள். "அழாத. அம்மா, இந்த நிக்கிற வீட்டை இவளுக்குக் குடுங்க. கலியாணம் இவளுக்குத்தானே. நான் பின்னால ஒண்டு கட்டிக்கொள்றன்."

"வாயை மூடு!" என்றாள் மார்கிறட். முற்றத்துக் கோழி திடுக்கிட்டு ஓடியது. "ரெண்டு பொம்பிளைப் பிள்ளை உள்ள தாய் இந்த ஊரில என்ன செய்வாள்? வளவை நடுவால பிரிப்பாள். நிக்கிற வீடு மூத்தவளுக்கு, இளையவளுக்குப் புது வீடு கட்டுவாள். இது நான் கண்டுபிடிச்ச சட்டமில்ல, என்ட அம்மா செய்தது, அவட அம்மா செய்தது. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளை. டினுஷா மூத்தவள். நான் நிக்கிற வீட்டை அவளுக்குக் குடுக்காம விட்டா, நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? மகள் எண்டு வாயாலதான் சொன்னாள், கையால குடுக்கல்ல எண்டு சொல்லும். நான் அப்பிடித் தாயில்ல."

மார்கிறட் விதுர்ஷாவின் பக்கம் திரும்பினாள்.

"உனக்குச் சொன்ன சொல்லு சொன்னதுதான் மகள். கிணத்துக்கு அங்கால பாதி வளவு உனக்கு. அத்திவாரம் வாற கிழமை போடுவம். உன்ட கலியாணத்துக்கு வீடு நிக்கும். திரை என்ன நிறம் எண்டு சொல்லு."

விதுர்ஷா கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் டினுஷாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தடியில் எண்ணெய்க் கறை, சவர்க்காரம் போட்டும் போகாதது.

"மஞ்சள்," என்றாள். "அக்காதான் தண்ணிப் பம்பு பூட்டித் தரணும்."

இத்தனை வருசம் எப்படிக் கூப்பிடுகிறதென்று தெரியாமல் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே திரிந்த பிள்ளை அது. டினுஷா, "ஓம், பூட்டித் தாறன்," என்று மட்டும் சொன்னாள்.

ஜெயராஜா கதிரையை விட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்று வளவைப் பார்த்தார். காலால் அளந்தார். ஒரு தரம் போனார், ஒரு தரம் வந்தார். பிறகு முழங்கை வரை சேட்டுக் கையை மடித்துக்கொண்டே வந்து, எல்லார் மேலும் எரிந்து விழுந்தார்.

"கூரை மரம் நான் தாறன். மேசனையும் நான் பிடிப்பன். அதெல்லாம் சரி. மூத்தவள் இரிக்கக்குள்ள இளையவளுக்குக் கலியாணம் செய்தா, கோயிலடியில ஆக்கள் ஆரைக் கேப்பாங்க? என்னைத்தானே கேப்பாங்க! மூத்தவளுக்கு ஏன் இன்னும் மாப்பிள்ளை பாக்கல்ல, நீ என்ன மாமன் எண்டு கேட்டா, நான் என்ன மறுமொழி சொல்ற?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. டினுஷா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் இருந்த விதுர்ஷாவுக்கும் தெரியவில்லை.

மார்கிறட் அண்ணனுக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள்.

"தலையை உயர்த்திச் சொல்லுங்க அண்ணன். மூத்தவளுக்கு வீடு இரிக்கு, கைத்தொழில் இரிக்கு, மாமன் இரிக்கு, அவளுக்கு ஒரு அவசரமும் இல்ல எண்டு சொல்லுங்க."